கயிறு எட்டும் உயரம்

ஆயுத பூஜை வந்தால் எனக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயம். நான் வேலை பார்த்துக் கொடுத்த ஆலைகளிலிருந்தெல்லாம் பொரியும் கடலையும் பை பையாக வீட்டுக்கு வந்து சேரும். இன்னொன்று, பூஜைக்கு முன்னால் இயந்திரங்களுக்கு அடிக்கிற பெயிண்ட். பொரியோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பெயிண்டோடுதான்.

டி.சி. மோட்டாரை வேண்டிய வேகத்தில் ஓட்டுகிற மின்சாரப் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். அதைப் பொருத்துவதும், ஓட்டிக் காட்டுவதும், மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வீடு மதுரை பழைய டவுனுக்குள். வேலை பூராவும் ஊரைச் சுற்றி இருக்கிற ஆலைகளில். அங்கே எல்லோருக்கும் நான் பாய். பேர் தெரிந்தவர்கள்கூடப் பேரைச் சொல்வதில்லை.

அந்த வருடம் பூஜை முடிந்த கையோடு, திருமங்கலம் தாண்டி உசிலம்பட்டி போகிற சாலையில் இருக்கிற ஒரு ரப்பர் ஆலைக்குப் போனேன். முன்பும் சில தடவை போன இடம்தான். அங்கே ரப்பர் பிசைகிற மில் இரண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மற்றதற்குப் புது டிரைவ் பொருத்தத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மில் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போலப் படுத்திருக்கும். இரண்டும் உள்நோக்கிச் சுற்றும். நடுவில் போட்ட ரப்பரை இழுத்து நசுக்கிக் கீழே தகடாக விடும். முன்னால் ஒரு ஆள் நின்று அந்தத் தகட்டைக் கத்தியால் கீறி, மடித்து, மறுபடி உள்ளே தள்ளுவார். ரப்பருக்கும் கைக்கும் வித்தியாசம் உருளைக்குத் தெரியாது என்பதால், அவர் தலைக்கு மேலே குறுக்காக ஒரு கம்பிக் கயிறு கட்டியிருக்கும். ஆபத்து என்றால் அதைப் பிடித்து இழுத்தால் போதும், மில் நிற்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த மில்லில் நின்றவர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரர். மழையை நம்பிய கொஞ்சம் நிலமும் மாடும் உண்டு. விடியற்காலையில் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, மனைவியோடு டவுன் பஸ் ஏறி வருவார். மனைவிக்கும் அங்கேயே வேலை. அவர் இறக்கிவிடுகிற தகட்டைப் பக்கத்து மேசையில் அளந்து வெட்டி அடுக்குவாள். புருஷனும் பெண்சாதியும் நாள் பூராவும் நாலெட்டுத் தூரத்தில் நின்றாலும் அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. சைகைதான். நான் டீ குடிக்கிற சாக்கில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

போன அன்றே பார்த்தேன். அவர் நின்ற மில் பூராவும் பச்சை. பெயிண்ட் அடித்தவர் இண்டு இடுக்கு விடாமல் அடித்திருந்தார். மோட்டார், வயர் பெட்டி, திருகு, போல்ட்டு, அந்தக் கயிறு ஓடுகிற சின்ன உருளை, எல்லாவற்றின் மேலும் பச்சை. அதன் மேல் சந்தனம், குங்குமம். கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பெயிண்ட் இறுகி அந்தச் சின்ன உருளையோடு ஒட்டியிருந்தது.

"இத சுரண்டி விட்ருங்க. கயிறு இழுத்தா ஓடி வரணும்ல," என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"பூஜை போட்ட சந்தனமே இன்னும் காயல பாய். அதுக்குள்ள சுரண்டுனா நல்லாவா இருக்கும்? மொதலாளி பாத்தா என்னையத்தான் வைவாரு. தீவாளி போகட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. நான் போகிற ஆலைகளில் பாதிப்பேர் இப்படித்தான். பூஜைக்கு அடித்த பெயிண்டில் உடனே கீறல் விழுந்தால் அந்த வருடமே விளங்காது என்று ஒரு நினைப்பு. நான் எரிச்சலோடு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அது நடந்தது. நான் இரண்டாவது மில்லின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. "ஏ புள்ள" என்று ஒரு குரல்தான் கேட்டது. அந்த ஷெட்டில் அவர் வாய்விட்டு மனைவியைக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பினேன். அவருடைய வலது கையுறையின் நுனியை ரப்பர் கவ்வி, கையோடு சேர்த்து உருளைகளின் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையால் தலைக்கு மேலே கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார். கயிறு அசையவில்லை. அந்தப் பெண் மேசையைத் தாண்டி ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். கரண்ட் போன பிறகும் உருளை கொஞ்சம் சுற்றித்தான் நின்றது. நிற்கும்போது மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது.

என் கால் தானாக ஓடியது.

உருளைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கூட்ட, இரண்டு பக்கமும் பெரிய திருகுகள் உண்டு. அவற்றைத் தளர்த்தினால் கை வந்துவிடும். எல்லோரும் முதலில் அதற்குத்தான் பாய்ந்தோம். ஒரு பக்கத் திருகு முனகிக்கொண்டு கொஞ்சம் திரும்பியது. மறுபக்கத் திருகு இம்மியும் அசையவில்லை. இந்த வருடப் பெயிண்ட், போன வருடப் பெயிண்ட், அதற்கு முந்தைய வருடப் பெயிண்ட் எல்லாம் மரைக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது. சூப்பர்வைசர் ஸ்பேனரில் பைப்பைச் செருகி முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். ஸ்பேனர் நழுவி அவர் விழுந்ததுதான் மிச்சம்.

மனைவி புருஷனுடைய அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவர் துவண்டு சரிந்தால் உடம்பின் பாரம் பூராவும் அந்த மணிக்கட்டில் விழும். உருளை சூடு வேறு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பின்னாலிருந்து யாரோ, "கைய வெட்டித்தான் எடுக்கணும் போல" என்றது அவர் காதில் விழுந்துவிட்டது.

"வெட்டாதீங்க," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. உருளையைப் பார்த்துச் சொன்னார்.

சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்தார். "ரிவர்ஸ்ல ஓட்டுங்க பாய். ஒங்க வேலதான அது. ஓட்டுங்க."

அந்த மில்லுக்கு யாரோ எப்போதோ பொருத்திய டிரைவ் ஒரு பக்கம்தான் ஓட்டும். ரிவர்ஸ் கிடையாது. நின்றதும் பிடித்து நிறுத்துகிற பிரேக்கும் கிடையாது. மோட்டாரைத் திருப்பிச் சுற்ற வேண்டுமானால் அதற்குப் போகிற இரண்டு தடித்த வயர்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும். அதோடு முடியாது. மோட்டாரின் வாலில் டேக்கோ என்று ஒரு சின்னச் சாமான் உட்கார்ந்திருக்கும். மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று டிரைவுக்குச் சொல்வது அதுதான். அதன் வயர்களையும் மாற்ற வேண்டும். மறந்தால், அது தலைகீழாகச் சேதி சொல்லும். டிரைவ் அதை நம்பி, இன்னும் ஓடு, இன்னும் ஓடு என்று மோட்டாரை உச்ச வேகத்துக்கு விரட்டிவிடும். கை உள்ளே இருக்கும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மெயினை அணைத்தேன். மீட்டரை வைத்துக் கரண்ட் செத்துவிட்டதா என்று பார்த்தேன். தடித்த வயர்களை மாற்றினேன். "டேக்கோ மாத்தணும், டேக்கோ மாத்தணும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதையும் பெட்டிக்குள் மாற்றினேன். திருப்புளி இரண்டு தடவை கீழே விழுந்தது. அந்த ஆலை எலக்ட்ரீசியன் மோட்டார் பக்கத்தில் நின்று பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரவருக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

"போடுங்க பாய்," என்றார் சூப்பர்வைசர்.

நான் போடவில்லை. மோட்டாரையும் கியர் பெட்டியையும் சேர்க்கிற இணைப்பின் மூடியைக் கழற்றச் சொன்னேன். போல்ட்டுகளை உருவிவிட்டால் மோட்டார் தனியாகச் சுற்றும், உருளை அசையாது. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று முதலில் வெறுமனே பார்க்க வேண்டும் என்றேன்.

"அவன் உசிரு போய்க்கிட்டு இருக்கு, நீங்க போல்ட்டக் கழட்டிக்கிட்டு இருக்கீங்க."

"தெரியாம தொட மாட்டேன்."

"ஒங்க தம்பியா இருந்தா இப்படி நிப்பீங்களா?"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சொல்லச் சுலபம். என் உடம்பில் பதறாத இடம் ஒன்றுகூட இல்லை. எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்தப் பச்சைய அடிச்ச ஆளக் கூட்டிட்டு வாங்க, அவரு கழட்டட்டும்" என்று கத்தினேன். போல்ட்டுகளும் பச்சைதானே. உளியை வைத்து அடித்து, பெயிண்டைப் பெயர்த்து, ஒவ்வொன்றாகத் திருக வேண்டியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் மில் அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் மாட்டிக்கொண்டிருந்தவர் பல்லைக் கடித்தார்.

நான் அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய், "கொஞ்சம் நேரமாகும்ணே" என்றேன்.

"வெட்டச் சொல்லாதீங்க பாய். நீங்க மெதுவாவே செய்ங்க. நான் நிக்கிறேன்." பிறகு மனைவியிடம், "சாயங்காலம் மாட்ட யாரு கறப்பா?" என்றார். அவள், "நான் கறக்குறேன். பேசாம நில்லுங்க" என்றாள்.

போல்ட்டுகள் வந்தன. மோட்டார் தனியாகிவிட்டது. மெயினைப் போட்டேன். அதன் உள்சுருளுக்கு, அதாவது ஃபீல்டுக்கு, கரண்ட் போகிறதா என்று முதலில் பார்த்தேன். அது இல்லாமல் டி.சி. மோட்டாரை எழுப்பினால் அதுவும் பேயாட்டம்தான். எல்லாம் சரி. வேகத்தைக் கூட்டுகிற குமிழை ஒரு நூல் அளவு திருகினேன்.

மோட்டார் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது. குமிழை நான் பூஜ்யத்துக்குத் திருப்பியும் அது கேட்கவில்லை. தரை அதிர்ந்தது. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தேன். அது இறங்கி நிற்கச் சற்று நேரம் பிடித்தது.

எலக்ட்ரீசியன்தான் முதலில் பேசினார். "பாய், டேக்கோ வயர நான் இங்கிட்டு மாத்திட்டேனே. மாத்தணும் மாத்தணும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் மோட்டார் பக்கம் மாற்றியிருக்கிறார். நான் பெட்டிக்குள் மாற்றியிருக்கிறேன். இரண்டு தடவை மாற்றினால் மாற்றாத கணக்குத்தான். இணைப்பைக் கழற்றாமல் ஓட்டியிருந்தால், ரப்பரோடு ஒட்டிய அந்த மனுஷருடைய கை அந்த வேகத்தில் பிய்ந்து தோளோடு போயிருக்கும். பக்கத்தில் ஒட்டி நின்ற அந்தப் பெண்ணையும் அது என்ன செய்திருக்கும் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்த அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கத்து வயரை மட்டும் திரும்ப மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். மறுபடி சோதித்து, போல்ட்டுகளை மாட்டி, ஓட்டலாம். ஆனால் அந்தக் குமிழை நோக்கி என் கை போகவில்லை. யா அல்லா, என்னால் முடியாது என்று மனசுக்குள் சொன்னேன். இத்தனை வருடப் பிழைப்பில் என் டிரைவ் மேல் எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

தரையில் உட்கார்ந்ததால்தான் அது கண்ணில் பட்டது. கியர் பெட்டிப் பக்கத்து இணைப்புத் தட்டு என் முகத்துக்கு நேரே இருந்தது. போல்ட்டு உருவிய ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மோட்டார் பல சுற்றுச் சுற்றினால்தான் உருளை ஒரு சுற்றுச் சுற்றும். அப்படியானால் இந்தத் தட்டைக் கையால் திருப்பினால், உருளை எறும்பு ஊர்கிற மாதிரித்தான் நகரும். வேண்டிய இடத்தில் வேண்டிய நொடியில் நிறுத்தலாம்.

"கடப்பாரை," என்றேன்.

மெயினை அணைத்து, ஃபியூஸ்களைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இனி எவர் எதைத் தொட்டாலும் அந்த மோட்டார் உயிர் பெறக் கூடாது. ஓட்டையில் கடப்பாரை முனையைச் செருகினோம். நானும் சூப்பர்வைசரும் ஒரு பக்கம். எலக்ட்ரீசியன் மறுபக்கம் இன்னொரு கம்பியோடு. சாதாரணமாகச் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் எது என்று மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொண்ட பிறகுதான் அழுத்தினோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கியர் பெட்டிக்குள் ஒரு முனகல். பிறகு கடப்பாரை கொஞ்சம் இறங்கியது.

நாங்கள் இருந்த இடத்திலிருந்து அவர் கை தெரியாது. அவள்தான் எங்களுக்குக் கண். "வருது," என்றாள். அழுத்தினோம். "நில்லுங்க." நின்றோம். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ம், இப்ப." அழுத்தினோம். "நில்லுங்க, நில்லுங்க. ரப்பரும் கூடவே வருது. ம்." கடப்பாரையை உருவி அடுத்த ஓட்டையில் செருக வேண்டும். அதற்குள் தட்டு பின்னால் வழுக்கிவிடாமல் எலக்ட்ரீசியன் கம்பியில் படுத்துக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான். வியர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

"மணிக்கட்டு வந்துருச்சு," என்றாள். அப்புறம் வெகுநேரம், "ம்," "நில்லுங்க," "ம்," அவ்வளவுதான். அவள் குரல் ஒரு தடவைகூட உடையவில்லை. கடைசியில் "வந்துருச்சு" என்று சொன்னபோதுதான் உடைந்தது.

கைக்கு மேலும் கீழும் ரப்பர் அப்பியிருந்ததால் எலும்பு பூராவும் நொறுங்காமல் தப்பித்திருக்கிறது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காப்பாற்றினார்கள். மற்ற மூன்றும் போய்விட்டன. அன்று வீட்டில் சட்டையைக் கழற்றும்போது ஃபியூஸ்கள் பையிலிருந்து விழுந்து உருண்டன. என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். நான் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அதற்குப் பிறகு ஆலைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பிரேக் வேண்டுமா, போடுங்கள். ரிவர்ஸ் வேண்டுமா, போடுங்கள். தீபாவளி கழித்துப் போய் எல்லாம் பொருத்தினேன். பச்சையைச் சுரண்டிவிட்டு மரைகளுக்குக் கிரீஸ் வைத்திருந்தார்கள். கயிற்று உருளை புதுசு. கயிற்றை இழுத்தால் மில் கால் சுற்றுக்குள் நின்றது. பல தடவை இழுத்துப் பார்த்தேன், பல தடவையும் நின்றது. எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

"மில்லுல நிக்கப் போற ஆளக் கூப்பிடுங்க. ஒருக்கா காட்டிட்டுப் போறேன்," என்றேன் சூப்பர்வைசரிடம்.

அவர் மேசைப் பக்கம் கையைக் காட்டினார். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். சட்டை புருஷனுடையது. கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

சூப்பர்வைசரைத் தனியே இழுத்துப் போய், "ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டேன்.

"அவங்களாத்தான் கேட்டாங்க பாய். நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "அவருக்குக் கட்டுப் பிரிக்கல அண்ணே. பிரிச்சாலும் இந்த வேலைக்கு ஆகாது. மேச வேலையவிட இதுல கொஞ்சம் கூடக் கெடைக்கும். வேற யாரு நிப்பா?" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. நான் பெட்டிப் பக்கம் போனேன்.

"சரிம்மா. மில்ல ஓட்டுறேன். கயித்த இழு."

உருளைகள் சுற்றத் தொடங்கின. அவள் அவர் நின்ற இடத்தில் நின்றாள். கையை உயர்த்தினாள். விரல் நுனிக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. ஒரு தடவை எம்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அவருக்கு எட்டும்ணே," என்றாள்.

நான் மில்லை அணைத்தேன். ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, தாங்கிக் கம்பிகளைத் தளர்த்தி, கயிற்றைக் கீழே இறக்கினேன். அவளை நிற்க வைத்து, கையை உயர்த்தச் சொல்லி, இன்னும் இறக்கினேன். அவள் முழங்கை மடங்கியபடியே பிடிக்கிற உயரத்துக்கு வந்ததும் போல்ட்டுகளை இறுக்கினேன். மறுபடி மில்லை ஓட்டினேன். அவள் வலது கையால் இழுத்தாள். நின்றது.

மறுபடி ஓட்டினேன். வலது கை உள்ளே போயிருந்தால் மிச்சம் இருப்பது எது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது. "இடது கையால ஒருக்கா இழும்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வலது கையை உருளைக்கு மேலே நீட்டி அசையாமல் வைத்துக்கொண்டாள். இடது கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மில் நின்றது. அதன் பிறகும் அவள் கயிற்றை விடவில்லை.